விறலியாற்றுப்படை: சிறுசெலவில் ஒரு முன்பனிக்காலப் பயணம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'தமிழில் பயண இலக்கியம்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பயண இலக்கியம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் பெரும்பாலும் கடல் கடந்தவர்கள். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் சென்ற ஏ.கே. செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதினார். காவிரியோடு பயணம் செய்த சிட்டியும் தி. ஜானகிராமனும் 'நடந்தாய் வாழி காவேரி' தந்தனர். நானோ கடல் கடந்தவளும் அல்லள். காவிரியை அதன் பிறப்பிடம் வரை தொடர்ந்தவளும் அல்லள். இருப்பினும் ஒரே ஒரு பயணத்தைப் பற்றி இவ்வவையில் பேசும் துணிவு எனக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

ஐரோப்பாவை ஒருமுறை காண வேண்டும் என்னும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. அதுவும் பனி பொழியும் மாதத்தில், செருமனியின் ஹாலே நகரில், பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கும் தமிழ் ஓலைச்சுவடிகளை ஒருநாள் முழுதும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவ்வாசை. அந்நாட்டு நகரம் ஒன்றில் நடந்த கருத்தரங்குக்கு அழைப்பும் ஒருமுறை வந்தது. தங்குமிடம் தருவோம், பயணச்செலவு உங்களுடையது என்று எழுதியிருந்தார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் வீட்டுக் கடனையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அழைப்பிதழை மடித்து உள்ளே வைத்தேன்.

இதனை என் தோழியிடம் சொன்னேன். அவள் என்னோடு கல்லூரியில் படித்தவள். உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஐரோப்பிய நகரம்தானே பார்க்க வேண்டும்? நம் டெல்டாவிலேயே ஒன்று இருக்கிறதே, மறந்துவிட்டாயா?" என்றாள். அவள் கூறியது தரங்கம்பாடி.

வறியோரின் வழிநூல்

பயணத்தைச் சொல்லுமுன் இலக்கியத்துக்கு வருகிறேன். நம் மொழியின் மிகப் பழைய பயண இலக்கியம் எது? ஆற்றுப்படை என்பேன். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. பரிசில் பெற்றுத் திரும்புகின்ற ஒருவர், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவரிடம், இன்ன வழியே செல், இன்னாரைக் காண், உன் வறுமை தீரும் என்று வழிகூறுவது ஆற்றுப்படை. இதனை வள்ளலின் புகழ்பாடும் இலக்கியமாகவே நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அது பிழையன்று. ஆனால் வழிநடப்பவனின் பக்கம் நின்று படித்தால் வேறொரு செய்தி புலனாகும். இவை கையில் காசில்லாதவர்களுக்காகப் பாடப்பட்ட பயண நூல்கள்.

மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார், காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாசி படிந்த பாறையில் எதனைப் பற்றிக்கொண்டு இறங்க வேண்டும், எந்த ஊரில் எந்த உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் செல்லும்போது பொருநன் உடுத்திருந்த துணி வேற்றுநூலால் தைத்த கந்தல். அதில் ஈரும் பேனும் குடியிருந்தன. அக்கந்தலை மறைக்காமல் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். வறுமையில் பயணம் செய்தல் இழிவன்று, அது பாடத்தக்கது என்னும் துணிவு அக்காலத்தில் இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் கூற வேண்டும். புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்றொரு துறை உண்டு. அத்துறையில் அமைந்த பாடல்களுள் நூற்றுமூன்றாம் பாட்டு ஔவையாருடையது. பாலை வழியில் ஒரு விறலி தனித்து அமர்ந்திருக்கிறாள். கைவளைகள் சிலவே. காவடியாகச் சுமந்துவந்த இசைக்கருவிகள் இருபுறமும் தொங்குகின்றன. உண்கலம் கவிழ்ந்து கிடக்கிறது; இதை நிமிர்த்தி நிரப்புவார் யார் என்பது அவள் கவலை. அதியமான் தொலைவில் இல்லை, பஞ்சக் காலத்திலும் காக்க வல்லவன் அவன் என்று ஔவையார் வழி கூறுகிறார். வழியில் இருப்பவளும் பெண், வழி சொல்பவரும் பெண். இப்பாட்டை நான் இருபது ஆண்டுக்கு மேலாக மாணவர்களுக்கு நடத்திவந்திருக்கிறேன். ஆற்றுப்படை நூல்களில்தான் முனைவர்ப் பட்டமும் பெற்றேன். எனினும் இப்பாட்டின் பொருள் எனக்கு விளங்கியது நூலகத்தில் அன்று.

புறப்பாடு

2022ஆம் ஆண்டு டிசம்பர், அரையாண்டுத் தேர்வு விடுமுறை. நாள் குறித்தோம். தோழியின் வீட்டில் எழுந்த முதல் வினா, "எந்தக் கோயிலுக்கு?" என்பதே. நம் பெண்களின் பயணத்துக்கு மூன்று காரணங்கள் மட்டுமே ஒப்புக்கொள்ளப்படுகின்றன: கோயில், கலியாணம், சாவு. ஊர் பார்ப்பதற்காக இரு பெண்கள் போகிறோம் என்றால், அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு ஒருநாள் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, "திருக்கடையூர்" என்று கூறிப் புறப்பட்டாள் தோழி. தரங்கம்பாடி அங்கிருந்து சில கல் தொலைவுதான். திரும்பும்போது அபிராமியையும் வணங்கிவிட்டால் அது பொய்யாகாது என்று எங்களுக்குள் சமாதானம் செய்துகொண்டோம்.

விடியுமுன் தஞ்சைச் சந்திப்பில் தொடர்வண்டி ஏறினோம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்று இலக்கணம் படித்த காலந்தொட்டு அறிவோம். ஆயினும் அன்று காலை பாபநாசம் தாண்டியதும்தான் அப்பருவத்தைக் கண்ணால் கண்டேன். சம்பாப் பயிர் கதிர் வாங்கித் தலைசாயத் தொடங்கியிருந்தது. வரப்பு தெரியாதபடி பனி மூடிக்கிடந்தது. ஊர்தோறும் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. ஐரோப்பாவின் வெண்பனியை நான் கண்டதில்லை. நம் வயலின் பனியையும் அதுவரை நின்று பார்த்ததில்லை என்பது அப்போது உறைத்தது.

மயிலாடுதுறையில் இறங்கி நகரப் பேருந்தைத் தேடினோம். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் தொடங்கிய இரயில் பாதை ஒன்று இருந்தது. 1980களில் அது நின்றுபோயிற்று. 2021 மே மாதத்தில் தொடங்கிய திட்டத்தின்படி சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் கொடுத்த கட்டணமில்லாச் சீட்டைத் தோழி கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். அது இன்னும் அவளிடம் இருக்கிறது. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியே பேருந்து சென்றது. வேலைக்குச் செல்லும் பெண்கள், மருத்துவமனைக்குச் செல்லும் பெண்கள், அரிவாளைச் சாக்கில் சுற்றிய பெண்கள் என வண்டி நிறைய மகளிர். ஊர் பார்க்கச் சென்றவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

கடலோரத்து டேனிய நகரம்

1792இல் கட்டிய நகர வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்தால் இராச வீதி. அகன்ற நேரான தெரு, வெண்சுவர்கள், தெருக்கோடியில் கடல். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் ஆதலால் வீட்டு வாசல்களில் தாள்விண்மீன்கள் இன்னும் தொங்கின. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620இல் டேனியருக்கு இவ்விடத்தில் கோட்டை கட்ட ஒப்புதல் அளித்தார். டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னேட்டில் அவர் எழுதுவித்த தமிழ் மடல் இன்றும் டென்மார்க்கில் காக்கப்படுகிறது. 225 ஆண்டுகள் டேனியர் கையில் இருந்த ஊரை அவர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். அதன்பின் சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்துக்கே தலைநகராக விளங்கியது இவ்வூர். தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் சிலகாலம் இங்கே முனிசீபாக இருந்தவர்.

டான்ஸ்போர்க் கோட்டையில் சிறு கட்டணம் செலுத்திச் சுற்றிப் பார்த்தோம். கீழே சரக்கறைகள், மேலே அலுவலரும் குருவும் வாழ்ந்த அறைகள். இப்போது அங்கே அருங்காட்சியகம். கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்னரே இது கப்பல் வந்த பட்டினம் என்பதற்கு அக்கோயில் சான்று. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பிற்காலத்தில் எஞ்சியதைப் புதுப்பித்திருக்கிறார்கள்.

எனக்கு முதன்மையாகக் காண வேண்டியது புதிய எருசலேம் ஆலயம். 1706 சூலையில் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு, 1718இல் இவ்வாலயத்தைத் திறந்து, அடுத்த ஆண்டே முப்பத்தாறாம் வயதில் மறைந்து, இதனுள்ளேயே துயில்கிறார். தமிழில் முதன்முதல் அச்சிட்டது தரங்கம்பாடியில்தான் என்று மேடைகளில் கூறப்படுவது சரியன்று. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. இடையில் அப்பணி தொடராமல் நின்றுபோக, மீண்டும் அதனை நிலைபெறச் செய்தது தரங்கம்பாடி. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. தாளோ அரிய பொருள். அவ்வெழுத்தில் அச்சிட்டால் தாள் போதாது என்று கண்டு, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தனர். பொறையாற்றில் தாள் ஆலையும் அமைத்தனர். இல்லாமையும் சிக்கனமும் தமிழ் அச்செழுத்தின் உருவத்தையே மாற்றியிருக்கின்றன. ஹாலேக்குப் போனால்தான் இதனை உணர முடியும் என்று எண்ணியிருந்தேன். அவ்வெழுத்துகள் வந்து இறங்கிய கரையிலேயே நின்றுகொண்டு, எல்லாம் வெளிநாட்டில் இருக்கின்றன என்று வருந்தியவள் நான்.

சீகன்பால்கு தமிழ் கற்ற முறையும் எண்ணத்தக்கது. உள்ளூர்த் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்து எழுதிக் கற்றார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். தாம் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதினார். சமயம் பரப்ப வந்தவர் என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் புதிய ஊருக்குச் செல்பவர் கற்கும் இடத்தில் அமர வேண்டும் என்னும் பாடம் அவரிடம் உண்டு.

தோழியின் பொய்

கோட்டைச் சுவரின் நிழலில் கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்தோம். கடற்காற்றில் இலை பறக்காமல் இருக்கத் தோழி அதன்மேல் தண்ணீர்ப் புட்டியை வைத்தாள். உண்டு முடித்தும் அவள் எழவில்லை.

"உனக்கு ஒன்று சொல்கிறேன்" என்றாள். "இருபத்திரண்டு ஆண்டுகளாக டேனியர் வருகையை நடத்துகிறேன். தரங்கம்பாடி, 1620 என்று கரும்பலகையில் எழுதுவேன். முதலாண்டில் ஒரு பெண், 'டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?' என்று கேட்டாள். 'ஓ, பாத்திருக்கேனே' என்றேன். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதன்பின் யாராவது கேட்கும்போதெல்லாம் அதே பதில். எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். புத்தகப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்வேன். நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊருக்கு வர எனக்கு இருபத்திரண்டு ஆண்டு ஆகியிருக்கிறது."

நான் என்ன மறுமொழி கூறுவது? அவளுக்குப் பணம் இல்லாமல் இல்லை. மாதந்தோறும் ஊதியம் வாங்குபவள். நேரம் இல்லை, நேரம் இருந்த நாளில் துணை இல்லை, இரண்டும் இருந்த நாளில் 'எதற்கு?' என்னும் வினாவுக்கு விடை இல்லை. பெண்ணின் பயணத்துக்கு உண்மையான தடை கட்டணம் அன்று என்பதை அந்த மதில்நிழலில்தான் கண்டுகொண்டேன். நானும் ஹாலே, ஹாலே என்று கட்டணத்தையே குறைகூறிக்கொண்டிருந்தவள்தானே! கட்டணமே இல்லாத பேருந்து வாசலில் நின்றபோதும் நான் ஏறவில்லை.

அவள் கடலைப் பார்த்தபடி இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். "ஒரு மணி நேரமாக யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை" என்றாள்.

கவிழ்த்த கூடை

கடலோரத்திலேயே பொழுது கழிந்துவிட்டது. மார்கழியில் இருட்டு விரைந்து வரும். பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது நாங்கள் குறித்து வைத்திருந்த வண்டி போய்விட்டிருந்தது. அடுத்தது எப்போது என்று சொல்வாரும் இல்லை. தோழியின் கைப்பேசி இருமுறை ஒலித்தது, அவள் எடுக்கவில்லை. முகம் வாடிவிட்டது. ஆற்றுப்படைகளை ஆராய்ந்து பட்டம் பெற்ற எனக்கு அடுத்த நிறுத்தத்துக்கு வழி தெரியவில்லை.

அப்போது மீன்விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், வெறும் அலுமினியக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவ்வழியே வந்தார்.

"ஏம்மா, இங்க நின்னா இனிமே வராது. மெயின்ரோட்டுக்குப் போங்க. நாகப்பட்டினத்துலேருந்து வர்ற வண்டி அங்க நிக்கும். தனியா போவ வேணாம், வாங்க நானும் வர்றேன்" என்றார்.

வேண்டாம் என்று மறுத்தும் கேளாமல் எங்களோடு நடந்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஊர் பார்க்க வந்தோம் என்றோம். "எங்க ஊரையா?" என்று சிரித்தார். சிறிது தூரம் சென்றபின், "முந்தாநேத்துதான் கடலுக்குப் பால் ஊத்துனோம்" என்றார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அவ்வூரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பகலெல்லாம் 1620, 1718, 1845 என்று ஆண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் அந்த ஆண்டு நினைவுக்கு வரவில்லை. தம் வீட்டில் யாரை இழந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பேருந்து வரும்வரை எங்களோடு நின்றார். வண்டி வந்ததும் கூடையை நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டு, கையை உயர்த்தி நிறுத்தினார். "இவங்க ரெண்டு பேரையும் திருக்கடையூர்ல எறக்கி விடுங்க" என்று நடத்துநரிடம் உரிமையோடு கூறினார். எங்கள் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

திருக்கடையூரில் அபிராமியை வணங்கிக் குங்குமம் வாங்கிக்கொண்டோம். இரவு தஞ்சை வந்து சேர்ந்தபோது கணக்குப் பார்த்தோம். தொடர்வண்டி, பேருந்து, கோட்டைக் கட்டணம், காப்பி, சுண்டல், அருச்சனைச் சீட்டு எல்லாம் சேர்த்து இருவருக்கும் 400 ரூபாயைத் தாண்டவில்லை. வீட்டில் தோழியிடம், "தரிசனம் நன்றாகக் கிடைத்ததா?" என்று கேட்டார்களாம். "நன்றாகக் கிடைத்தது" என்றாளாம். அது பொய்யன்று.

வழி சொல்லுதல்

அவையோரே, அந்தக் கவிழ்த்த கூடையைக் கண்டபோதே ஔவையாரின் பாட்டு நினைவுக்கு வந்ததாகச் சொன்னால் அது மிகையாகும். அப்போது எனக்கு இருந்தது அச்சம் மட்டுமே. மறுவாரம் வகுப்பில் அப்பாட்டை நடத்துகையில், 'கவிழ்ந்த கலம்' என்று பொருள் கூறியபோதுதான் என் நா தடைப்பட்டது. அன்று கையறு நிலையில் நின்றவர்கள் ஊதியம் வாங்கும் நாங்கள். வழி சொன்னவரோ வெறுங்கூடைக்காரர். ஆற்றுப்படையில் வள்ளல் பெரியவன் என்று எண்ணியிருந்தேன். வழி சொல்பவரும் வள்ளலே. தாம் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், எதிர்வருபவர் கேளாமலே தருகிறார் அல்லரோ?

அடுத்த ஆண்டு என் தோழி தன் பள்ளி மாணவியர் சிலரைப் பெற்றோர் இசைவோடு தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றாள். இம்முறை வீட்டில் கோயிலின் பெயரைச் சொல்லவில்லை. எந்த வண்டி, எங்கே இறங்குவது, எவ்விடத்தில் நிழல் உண்டு, மாலையில் எந்த நிறுத்தத்தில் நிற்கக் கூடாது என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் படி எடுத்து ஒவ்வொரு மாணவிக்கும் கொடுத்திருந்தாள். எனக்கும் ஒரு படி தந்தாள். நடை எளிய நடைதான். ஒரே ஒரு பக்கந்தான். ஆயினும் என் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டின் நானூறு பக்கங்களை விட அது ஆற்றுப்படைக்கு அணுக்கமானது என்பதை இவ்வவையில் ஒப்புக்கொள்கிறேன்.

இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டுகளில் எத்தனையோ நூல்களுக்கு நம்மை ஆற்றுப்படுத்தியிருக்கிறது. பதினோராம் ஆண்டில் ஒரு விண்ணப்பம். நம் மகளிர் தாம் சென்ற வழியை எழுதட்டும். பாரிசும் இலண்டனும் வேண்டா என்று கூறேன். வாய்ப்பு வரின் செல்க, எழுதுக. நானும் ஹாலேயை மறந்தேன் அல்லேன். அதற்கு முன் தாராசுரத்துக்கு எந்தப் பேருந்து, கங்கைகொண்ட சோழபுரத்தில் நண்பகலில் எங்கே அமரலாம், சரசுவதி மகாலைக் காண எத்தனை மணிக்குச் செல்ல வேண்டும், கல்லணையில் இரு பெண்கள் அச்சமின்றி எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பவற்றை எழுதுக. அவ்வாறு எழுதும் பக்கங்களை நம் மாதக் கூட்டத்தில் படிக்க ஓர் அரைமணி ஒதுக்குக. எங்கோ ஒரு வகுப்பறையில், 'டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?' என்னும் வினா இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. அதற்கு மெய்யான விடை சொல்ல ஓர் ஆசிரியைக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆக வேண்டியதில்லை.